காட்டுப்பூவுக்குக் கீழே ஒரு பெயர்

கிள்ளான் பள்ளத்தாக்கின் காட்டுப்பூக்களைத் தமிழர் கைகள் நூறு வருடத்துக்கு மேல் பிடுங்கியிருக்கின்றன. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுவது ஒரு வேலை என்றால், மரத்தடியில் புல் பூண்டு அண்டாமல் பார்த்துக்கொள்வது இன்னொரு வேலை. என் அம்மா காப்பார் பக்கத்துத் தோட்டமொன்றில் புல்வெட்டுக்குப் போனவர். லாலாங், தொட்டாற்சிணுங்கி, உண்ணிச்செடி, செண்டுடுக் எல்லாமே அவர் கணக்கில் களைதான். ஆனால் எதன் வேர் ஆழமாக இறங்கும், எது மழைக்குப் பிறகு பூக்கும், எதன் முள் கையில் தங்கிவிடும் என்று அத்தனையும் சொல்வார். ஓய்வு பெறும்வரை பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவள் நான். செடியைப் பார்க்கக் கற்றது அம்மாவிடம்தான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மரத்தடி மண் வெறுமையாகக் கிடந்தால்தான் அது நல்ல தோட்டம் என்று துரைமார்கள் நம்பினார்கள். மழை அந்த மேல்மண்ணை வாரிக்கொண்டு போய் ஆற்றில் சேர்த்தது. பிறகுதான் மூடுபயிர் விதைக்கும் பழக்கம் வந்தது. சென்ட்ரோசீமா, கலோபோகோனியம், புவேரேரியா என்று அவரைக் குடும்பத்துக் கொடிகள். இவை மண்ணைப் பிடித்துவைத்து அதற்குத் தழைச்சத்தும் கொடுத்தன. சென்ட்ரோசீமாவின் ஊதாப்பூ சங்குப்பூவுக்குத் தங்கச்சி போல இருக்கும். இன்றும் கிள்ளான் பக்கம் வேலிக்கம்பிகளில் ஏறிப் படர்ந்திருப்பதைப் பார்க்கலாம். செம்பனைக் காலத்தில் மண்வெட்டி போய் மருந்துப் பம்பு வந்தது. பம்பை முதுகில் சுமந்து பாராகுவாட் களைக்கொல்லி அடித்தவர்களில் நம் பெண்களே அதிகம். அவர்கள் உடம்பு பட்ட பாட்டைத் தெனாகனித்தா அமைப்பு 2002-இல் அறிக்கையாகவே வெளியிட்டது. மலேசியாவில் அந்த மருந்துக்கு முழுத் தடை வர 2020 ஆனது. காட்டுப்பூவின் வரலாற்றை எழுதும்போது இதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

பிடுங்கியவர்கள் இருக்கட்டும். வரைந்தவர்கள் யார்?

இந்த மண்ணில் அந்தக் கதை மலாக்காவில் தொடங்குகிறது. 1803 முதல் 1818 வரை அங்கே பிரிட்டிஷ் அதிகாரியாக இருந்த வில்லியம் ஃபார்க்குவார், சீன ஓவியர்களை வைத்துச் செடி, பறவை, விலங்கு என்று 477 படங்களை வரைவித்தார். இப்போது அவை சிங்கப்பூர் தேசிய அரும்பொருளகத்தில் இருக்கின்றன. இலையின் பூச்சி அரிப்பைக்கூட விடாமல் வரைந்த கைகள் அவை. ஆனால் வரைந்தவர்களின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. தொகுப்பு ஃபார்க்குவார் பெயரிலேயே நிற்கிறது.

மெட்ராஸில் நடந்தது வேறு. 1819-இல் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராக வந்திறங்கிய ராபர்ட் வைட், நாகப்பட்டினம், பாளையங்கோட்டை, கோயம்புத்தூர் என்று வேலை பார்த்த ஊரிலெல்லாம் செடி சேர்த்தார். அவருக்கு முதலில் வரைந்தவர் ரங்கையா, அவருக்குப் பிறகு கோவிந்து. இருவரும் தஞ்சாவூர் ஓவிய மரபோடு தொடர்புள்ள தெலுங்குக் குடும்பத்தவர் என்பது இவர்களைப் பற்றி விரிவாக ஆராய்ந்த ஹென்றி நோல்ட்டியின் கருத்து. ஒரு தாளில் முழுக் கிளை இருக்கும். ஓரத்தில் பிரித்து விரித்த பூ, மகரந்தத்தாள், குறுக்கே வெட்டிய சூலகம், விதை என்று தனித்தனியாக, பெரிதாக்கி வரைந்திருப்பார்கள். கிளையை அழகாக வரைவது பழகினால் வந்துவிடும். பூவின் உள்ளுறுப்பை எண்ணிக்கை தப்பாமல் வரைவதற்குக் கையோடு பொறுமையும் அறிவும் வேண்டும். கண்ணைக் கெடுக்கும் வேலை அது.

அந்தப் படங்களைக் கல்லச்சில் ஏற்றி, 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வைட் வெளியிட்டார். மொத்தம் 2101 படங்கள். பல படங்களின் கீழே வரைந்தவர் பெயரும் அச்சாகியிருக்கிறது. அதோடு நிற்காமல், ஓர் ஆர்க்கிட் இனத்துக்குக் ‘கோவிந்தூயா’ என்றே பெயர் வைத்தார். பின்னாளில் தாவரவியலாளர்கள் அதை வேறொரு பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். இருந்தாலும் ஒரு தென்னிந்திய ஓவியரின் பெயர் செடிக்கு ஏறியது, அதுவும் 1850களில். அதிகாரியாக இருந்தும் வரைந்தவனை மறைக்காத அந்த நேர்மைக்காகவே வைட் மேல் எனக்குத் தனி மரியாதை.

மலாயாவுக்கும் தெற்காசியாவிலிருந்து ஓவியர்கள் வந்தார்கள். சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தில் ஹென்றி ரிட்லி இயக்குநராக இருந்தபோது ஜேம்ஸ் டி ஆல்விஸ், சார்ல்ஸ் டி ஆல்விஸ் ஆகியோர் இலங்கையிலிருந்து வந்து வரைந்தார்கள். மரத்தைச் சேதப்படுத்தாமல் பால் வெட்டும் முறையைக் கண்டுபிடித்து ரப்பர் தோட்டங்களுக்கு வழி திறந்த அதே ரிட்லிதான் இவர். பத்துமலைச் சுண்ணாம்புப் பாறைகளிலும் அவர் செடி தேடியிருக்கிறார். 1892 முதல் தைப்பூசத்துக்கு நாம் ஏறும் அந்த மலையில் மாக்ஸ்பரெட்டியா பேரினத்தைச் சேர்ந்த ஒரு சிறு பனை இருக்கிறது. கோலாலம்பூரைச் சுற்றியுள்ள சில சுண்ணாம்புக் குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் அது கிடையாது. மோனோஃபில்லியா என்று இன்னொரு செடி: ஆயுள் முழுக்க ஒரே ஓர் இலை, அதன் அடியிலிருந்து கிளம்பும் சிறு பூக்கள். காவடியோடு ஏறுகிறவர்கள் பாறையையும் ஒரு தடவை பார்க்கலாம்.

1940-இல் தொடங்கிய மலாயா இயற்கைக் கழகம், எம். ஆர். ஹெண்டர்சனின் காட்டுப்பூ நூலை 1949-இலும் 1954-இலும் இரண்டு பகுதியாகக் கொண்டுவந்தது. அதன் கோட்டோவியங்களை வைத்துத்தான் எனக்குத் தெரிந்த பல செடிகளின் அறிவியல் பெயரைக் கண்டுபிடித்தேன்.

வரையத் தொடங்குகிறவர்களுக்கு நான் செண்டுடுக்கைத்தான் கொடுப்பேன். இலையில் அடியிலிருந்து நுனி வரை ஓடும் நரம்புகள் பளிச்சென்று தெரியும்; தொட்டால் சொரசொரக்கும். ஊதா இதழ் ஐந்து. நடுவில் மகரந்தத்தாள் இரண்டு விதம்: நீண்டு வளைந்த ஊதா ஒன்று, குட்டையான மஞ்சள் ஒன்று. பல பிள்ளைகள் எல்லாவற்றையும் மஞ்சளாகவே தீட்டிவிடுவார்கள். மறுபடி பார்க்கச் சொன்னால் அவர்களே திருத்திக்கொள்வார்கள். பூ ஒரு நாளுக்கு மேல் தங்காது. நம் ஊர் ஈரக்காற்றில் நீர்வண்ணத்தின் முதல் பூச்சு காயவே நேரமாகும். அதனால் முதலில் பூ, பிறகு மொட்டு, இலை கடைசி.

இடத்துக்குப் பஞ்சமில்லை. கெப்போங்கில் 1929-இல் தொடங்கிய வன ஆய்வு நிலையம், ஈயம் தோண்டிப் பாழான நிலத்தில் மரம் நட்டு வளர்த்த காடு. 2025-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்குப் பிரிக்ஃபீல்ட்ஸ் தண்டவாள ஓரம் இருக்கிறது, மேருவில் வீடு கட்டக் காத்திருக்கும் காலி மனை இருக்கிறது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே வரையலாம். காலி மனைக்கு மட்டும் தள்ளிப்போடாமல் போங்கள். அடுத்த வருடம் அங்கே வீடு நிற்கும்.

வரைந்து முடித்ததும் செடியின் பெயரைத் தமிழிலும் மலாயிலும் எழுதுங்கள். பார்த்த இடத்தையும் தேதியையும் போடுங்கள். அதற்குக் கீழே உங்கள் பெயரை, சுருக்காமல், முழுதாக எழுதுங்கள்.