கட்டிப்போடாத முதியோர் பராமரிப்பு (ஜப்பான்)

ஜப்பானில் முதியவர்களைக் கட்டிலோடும் சக்கர நாற்காலியோடும் சேர்த்துக் கட்டிவைக்கும் வழக்கத்தை ஒழிக்க எடுக்கப்பட்ட முயற்சி. செவிலியர்களும் மருத்துவர்களும் தொடங்கிய இது, 2000 ஏப்ரலில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு நடைமுறைக்கு வந்தபோது அரசு விதியாயிற்று.

1973இல் 70 வயது கடந்தோருக்கு மருத்துவம் இலவசமாக்கப்பட்டது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர்கள் நோய் தீர்ந்த பின்னும் மருத்துவமனையிலேயே தங்கிவிட்டார்கள். விழுந்துவிடுவார், மூக்குக் குழாயைப் பிடுங்கிவிடுவார், டயப்பரைக் கழற்றிவிடுவார் என்று பயந்து அவர்களைக் கட்டினார்கள். கட்டியவர்கள் இரக்கமற்றவர்கள் அல்லர். அதுதான் பாதுகாப்பு என்று நம்பியவர்கள். ஆனால் கட்டப்பட்டவருக்குத் தசை சுருங்கியது, மூட்டு இறுகியது, படுக்கைப்புண் வந்தது. திமிறி எழப்போய் இன்னும் மோசமாக விழுந்தவர்களும் உண்டு.

1998 அக்டோபரில் ஃபுகுவோகா மாகாணத்தின் 10 மருத்துவமனைகள், இனிக் கட்டுவதில்லை என்று கூட்டாக அறிவித்தன. 2000இல் வந்த விதி, காப்பீட்டின் கீழ் இயங்கும் இல்லங்களில் கட்டிவைப்பதைத் தடைசெய்தது. உயிரையோ உடலையோ காக்கும் தவிர்க்க முடியாத அவசரத்தில் மட்டுமே விலக்கு; உடனடி ஆபத்து, வேறு வழியின்மை, தற்காலிகத் தேவை ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால்தான் அது பொருந்தும் என்று பின்னர் விளக்கப்பட்டது. மறு ஆண்டு சுகாதார அமைச்சகம் வெளியிட்ட கையேடு கயிற்றோடு நிற்கவில்லை. கட்டிலைச் சுற்றித் தடுப்புக் கம்பி போடுவது, விரல் அசையாதபடி கையுறை மாட்டுவது, தானே கழற்ற முடியாத உடுப்பு, மயக்கும் அளவுக்கு மருந்து, அறையைப் பூட்டுவது என 11 செயல்களை அது பட்டியலிட்டது.

கையேட்டின் உயிர்நாடி அந்தப் பட்டியல் அன்று. காரணத்தைத் தேடச் சொன்ன பகுதிதான். இரவில் ஒருவர் ஓயாமல் எழுந்திருக்கிறார் என்றால், மலச்சிக்கலா, அரிப்பா, ஈர டயப்பரா, கழிப்பறைக்குப் போகத்தான் எழுகிறாரா என்று முதலில் பார்க்க வேண்டும். குழாயைப் பிடுங்குபவருக்கு, வாயால் ஊட்ட முடியுமா என்று முயல வேண்டும். விழுபவருக்குக் கட்டிலைத் தாழ்த்தலாம். எழுப்பி உட்காரவைப்பது, உண்பது, கழிப்பது, தூய்மை, பகலில் ஏதேனும் ஈடுபாடு: இந்த ஐந்தும் சரியாக நடந்தால் கட்டுவதற்கான தேவை பெரும்பாலும் எழாது என்பதே அதன் நிலைப்பாடு.

நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டின் செலவில் பாதியை வரியும் பாதியை 40 வயது முதல் செலுத்தும் சந்தாவும் தாங்குகின்றன. இது தவிர, கட்டணத்தில் பயனாளியின் பங்கு 10 விழுக்காடு, வசதியுள்ளவருக்கு 20 அல்லது 30. பணத்தை வைத்தே கண்டிப்பும் காட்டப்பட்டது: கட்டிவைப்பது குறித்த பதிவேடு, பயிற்சி, குழுக் கூட்டம் இவற்றில் தவறும் முதியோர் இல்லத்துக்கு 2018 முதல் அடிப்படைக் கட்டணத்தில் 10 விழுக்காடு வெட்டு.

கட்டாமல் பராமரிப்பதற்கு உண்மையான சோதனை இரவில்தான். முதியோர் இல்லங்களில் பத்துப் பேர் அளவில் சிறு குடும்பம்போல் வாழும் அலகுகளை அமைக்கும் முறை 2002இல் வந்தது. அங்கும் இரண்டு அலகுகளுக்கு இரவில் ஓர் ஊழியர் இருந்தால் போதும் என்பதே விதி. சுமார் இருபது பேருக்கு ஒருவர் என்பது, காரணம் தேடிப் பார்க்கும் பராமரிப்புக்கு மிகக் குறைவு.

பொது மருத்துவமனைகளுக்கு 2000ஆம் ஆண்டுத் தடை பொருந்தவில்லை. மறதி நோயாளிகளைக் கட்டுவது அங்கே தொடர்ந்தது. 2016இல், கட்டிவைத்த நாள்களுக்கு மறதிநோய்ப் பராமரிப்புக்காக மருத்துவமனைக்குத் தரப்படும் கூடுதல் கட்டணம் குறைக்கப்பட்டது. கட்டுவதைக் குறைக்கும் ஏற்பாடு, உள்நோயாளிக் கட்டணம் பெறுவதற்கான நிபந்தனையானது 2024இல்தான்.