சீக்கியரும் தீர்த்த யாத்திரையும்

தலங்களை வணங்குதலும் தீர்த்தங்களில் மூழ்குதலும் பாரத நாட்டுச் சமயங்கள் பலவற்றிற்கும் பொதுவாகிய ஒழுக்கங்களாம். அவற்றுட் சீக்கிய சமயத்தின்கண் ஒரு வியப்பு உளது. நீராடுதல் ஒன்றானே அகத்தழுக்கு நீங்காதென்று வற்புறுத்திய ஆசிரியர் ஒருவராற் தோற்றுவிக்கப்பட்ட அச்சமயம், பின்னர்த் திருக்குளம் ஒன்றனையே நடுவாகக் கொண்டு வளர்ந்தது. இவ்விரண்டும் தம்முள் முரணுமோ என்பதனை வரலாற்று நெறியான் ஈண்டு ஆராய்வாம்.

குரு நானக் தேவர் கி. பி. 1469இல், இக்காலத்து நான்கானா சாகிபு என வழங்கும் தல்வண்டியிற் பிறந்தவர். நெடுங்காலம் பல நாடுகளினும் நடந்து, இறுதியில் இராவி யாற்றங்கரையிற் கர்த்தார்பூரை அமைத்து, உழவு செய்து வாழ்ந்து, 1539இல் ஆண்டே மறைந்தார். அவர் சரிதம் கூறும் சனம்சாகி நூல்கள் ஒரு செய்தி உரைக்கும். அரித்துவாரத்திற் கங்கையில் நின்று மக்கள் கிழக்கு நோக்கித் தம் முன்னோர்க்கு நீரிறைக்கக் கண்ட தேவர், தாம் மேற்கு நோக்கி இறைத்தனராம். காரணம் வினாயினார்க்குப் பஞ்சாபிலுள்ள தம் கழனிக்குப் பாய்ச்சுவதாகக் கூறினர். அத்துணைத் தொலைவு நீர் செல்லாதென்று அவர் நகைத்தலும், இவ்வுலகத்துக் கழனிக்கே செல்லாத நீர் மறுவுலகத்திற்கு எங்ஙனம் செல்லுமெனத் திருப்பி வினவினராம். இறைவன் திருநாமத்திற் தோய்தலே அறுபத்தெட்டுத் தீர்த்தங்களினும் ஆடிய பயனைத் தருமென்பது அவர்தம் உபதேசமாம்.

இனி, மூன்றாங் குருவாகிய அமர்தாசர் (1552–1574), பியாசு ஆற்றங்கரையிலுள்ள கோயிந்துவாலில் 84 படிகளையுடைய கிணறு ஒன்று அகழ்வித்தார். சித்திரைப் பிறப்பை ஒட்டி வரும் வைசாகியினும் தீபாவளியினும் மாணாக்கரெல்லாம் ஆண்டுக் கூடுமாறு வகுத்தார். தம்மைக் காண வருவார் யாவரும் முன்னர் இலங்கர் எனப்படும் அன்னசாலையில், குலவேற்றுமையின்றி ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணல் வேண்டும் என்பது அவர் விதித்த நெறி. அவர்க்குப்பின் வந்த இராமதாசர் அமிர்தசரசில் திருக்குளம் தோண்டுவித்தார். ஐந்தாங் குருவாகிய அர்ச்சுன தேவர் அக்குளத்தின் நடுவே நாற்றிசையினும் வாயில்களையுடைய அரிமந்திரத்தை எடுப்பித்து, 1604இல் ஆதி கிரந்தத்தை அதன்கண் எழுந்தருளுவித்தார்.

முதற்குரு விலக்கியதனைப் பின்னோர் மீண்டும் கொணர்ந்தனர் என்பாரும் உளர். அஃது அமையாது. ஆண்டுச் செல்வார் செய்வன யாவை என்று நோக்குமின். சங்கத்து எனப்படும் அடியார் கூட்டத்தில் அமர்ந்து குருமார் பாடல்களைக் கேட்கின்றனர். வந்தார் தம் பாதரக்கைகளைத் துடைத்து வைக்கின்றனர். அடிசிற்கூடத்தில் ஏவல் செய்கின்றனர். 1923இல் அத்திருக்குளத்தைத் தூர் வாரியபொழுது, பெருந்திரளான மக்கள் செல்வர் வறியர் என்னும் வேறுபாடின்றிச் சேறு சுமந்தனர். தீர்த்தத்தாற் தூய்மை பெற வருவாரே தீர்த்தத்தைத் தூய்மை செய்வாராயினர். எனவே, ஈண்டு விலக்கப்பட்டது அன்பின்றி ஆடும் நீராட்டே. கொள்ளப்பட்டது அடியார் கூட்டமும் தொண்டுமே என்க.

இக்கூட்டத்தின் வலியை அறிந்தமையாற் பகைவர் இத்தலத்தையே முதற்கண் தாக்கினர். 1762இல் அகமதுசா அப்தாலி அரிமந்திரத்தை வெடிமருந்தாற் தகர்த்துக் குளத்தையும் தூர்ப்பித்தான். சீக்கியர் மீண்டும் அகழ்ந்து, மீண்டும் எடுத்தனர்.

1947இல் நாடு இரண்டாகப் பிரிந்தபோது, தேவர் பிறந்த நான்கானாவும் மறைந்த கர்த்தார்பூரும் பாகித்தானத்தின்பாற் பட்டன. அதுமுதல், பிரிந்த அத்தலங்களைத் தடையின்றிக் கண்டு தொண்டு செய்யும் பேற்றை அருளுகவென்னும் விண்ணப்பம், அவர்தம் அர்தாசு என்னும் பிரார்த்தனையிற் சேர்க்கப்பெற்றது. கர்த்தார்பூர் எல்லையினின்றும் ஏறத்தாழ 4 கிலோமீட்டரே தொலைவினது. ஆயினும், தேரா பாபா நானக்கில் நின்று தொலைநோக்கியாற் கண்டு கண்ணீர் மல்கினார் பலர். 2019 நவம்பர் 9இல் அடியார் செல்லுதற்கென ஒரு வழி திறக்கப்பெற்றது. 2020இற் கொள்ளைநோயான் அடைபட்டு, 2021இல் திறந்து, 2025 மே திங்களில் இருநாட்டுப் பூசலான் இந்தியப் பக்கத்தே மீண்டும் அடைபட்டது. அவர் இரந்தது புண்ணிய நீரையன்று. தம் குருநாதர் ஏர் பிடித்த மண்ணில் நின்று ஒருமுறை தொழுதலையே.

சைவ நன்மக்கட்கு இது புதிதன்று. உணர்வின்றி ஆடும் நீராட்டாற் பயனில்லையென்று தெருட்டிய நாவரசரே, கால் தேய்ந்துழிக் கையானும், கை தேய்ந்துழி மார்பானும் கயிலை நோக்கிச் சென்றனர் எனப் பெரியபுராணம் கூறும். அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனத் தொழுக என்பது சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரத்தின் துணிபு. சமயத்தாற் சீக்கியர் நம்மின் வேறாயினும், இவ்வொன்றில் அவர் வாழ்க்கை நமக்கு ஓர் ஆடியாம். விரைவூர்தியிற் சென்று, மூழ்கி எழுந்து, அருகு நின்ற அடியாரை நோக்காது மீளும் நம் யாத்திரைகளை அவ்வாடியிற் காண்போமாக. அடுத்தமுறை குளத்தில் இறங்குமுன், அதன் படியிற் கிடக்கும் பாசியை ஒரு கையேனும் களைந்து இறங்குவோமாக. அதுவே தீர்த்தமாடுதற்கு முதற்படி.