பற்களைப் பிடுங்கிய கோட்பாடு

1910 அக்டோபரில், கனடாவின் மான்ட்ரியல் நகரிலுள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹன்டர் ஓர் உரை நிகழ்த்தினார். சீழ்பிடித்த பல்வேர்களின்மீது பொன் உறைகளையும் பாலங்களையும் பொருத்திவந்த அக்காலப் பல் மருத்துவத்தை அவர் கடுமையாகச் சாடினார். இரத்தசோகை, இரைப்பை அழற்சி, நரம்புக் கோளாறு எனக் காரணம் புலப்படாத பல பிணிகள் வாயிலுள்ள சீழிலிருந்தே தோன்றுகின்றன என்பது அவர் வாதம். அடுத்த முப்பது ஆண்டுகளில் எண்ணற்றோர் தம் பற்களை இழந்ததில் இவ்வுரைக்கும் பங்குண்டு.

வாய் உடல் முழுவதையும் பாதிக்கக்கூடும் என்ற கருத்து ஹன்டருக்கு முந்தையது. பெர்லினில் ராபர்ட் கோக்கின் ஆய்வுமுறைகளைப் பயின்ற அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லபி மில்லர், வாய் நுண்ணுயிரிகள் உடலின் பிற உறுப்புகளில் நோய் விளைவிக்கலாம் என்று 1891ஆம் ஆண்டிலேயே எழுதினார். எனினும் அவர் பற்களைப் பிடுங்கச் சொல்லவில்லை. வேர்க்குழாயைத் தூய்மைசெய்து அடைப்பதையே பரிந்துரைத்தார்.

மில்லரின் எச்சரிக்கையான கருதுகோளைச் சிகிச்சைக் கட்டளையாக மாற்றியதில் ஒரு சொல்லுக்கும் பங்கிருந்தது. சிகாகோ மருத்துவர் ஃபிராங்க் பில்லிங்ஸ் பரப்பிய ‘குவியத் தொற்று’ என்ற தொடரில் ‘குவியம்’ என்பதற்கு இணையான லத்தீன் மூலச்சொல் ‘ஃபோகஸ்’. அதன் முதற்பொருள் அடுப்பு. நெருப்பு ஓரிடத்தில் எரிகிறது, வெப்பம் எங்கும் பரவுகிறது. அடுப்பை அணைத்தால் போதும் என்ற முடிவு அந்த உருவகத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அதனை மெய்ப்பிக்கும் பொறுப்பு பின்தள்ளப்பட்டது.

இதன் உச்சம் நியூஜெர்சியின் டிரென்டன் அரசு மனநல மருத்துவமனையில் நிகழ்ந்தது. 1907இல் அதன் கண்காணிப்பாளரான ஹென்றி காட்டன், மனநோய்க்கும் மறைந்திருக்கும் தொற்றே காரணம் என நம்பினார். நோயாளிகளின் பற்கள் பிடுங்கப்பட்டன. பலன் கிட்டாதபோது உள்நாக்குச் சதைகளும், பின்னர் பெருங்குடலின் பகுதிகளும் அகற்றப்பட்டன. எண்பத்தைந்து விழுக்காட்டினர் குணமடைந்ததாக அவர் அறிவித்தார். குடல் அறுவையில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் இறந்ததையும் அவரே ஒப்புக்கொண்டார். 1920களின் நடுவில் மனநல மருத்துவர் ஃபிலிஸ் கிரீனேக்கர் அங்கு நடத்திய விசாரணை இக்கூற்றுகளைத் தகர்த்தது. ஆனால் அவ்வறிக்கை வெளியிடப்படவில்லை, அறுவைகள் தொடர்ந்தன. இழப்புகளைச் சுமந்தவர்கள், தமக்காகப் பேசும் உரிமையற்ற நோயாளிகள்.

கோட்பாட்டின் சரிவு மெல்ல வந்தது. 1935இல் லண்டனில் ஒக்கெல், எலியட் ஆகிய இருவர் பல் பிடுங்கப்பட்ட 138 பேரைச் சோதித்து, பாதிக்கும் மேற்பட்டோரின் இரத்தத்தில் நுண்ணுயிரிகளைக் கண்டனர். வாய்க்கும் இரத்தத்துக்கும் வழியுண்டு என்பது உறுதியானது. மருந்தெனக் கருதப்பட்ட செயலே அவ்வழியைத் திறந்துவிட்டது என்பதும் தெளிந்தது. 1938இல் செசிலும் ஆஞ்ஜெவைனும் முடக்குவாத நோயாளிகள் 200 பேரை ஆராய்ந்து, பற்களை அகற்றுவதால் பயனில்லை என்ற முடிவுக்கு வந்தனர். செசில் முன்பு இக்கோட்பாட்டை ஆதரித்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

பொய்த்த விடையோடு கேள்வியும் கைவிடப்பட்டது. அதற்கு நிறுவன அமைப்பும் துணைநின்றது. 1840இல் பால்டிமோரில் தொடங்கப்பட்ட உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரி முதலாகவே பல்லும் உடலும் தனித்தனிப் படிப்புகளாயின. இந்தியாவிலும் 1920இல் ரஃபியுத்தீன் அகமது கல்கத்தாவில் நிறுவிய கல்லூரியும், 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டமும் அத்தடத்திலேயே அமைந்தன. பல் மருத்துவம் தனித்துறையாகத் தழைத்தது. வாயைப் பொது மருத்துவர் நோக்கும் பழக்கம் தேய்ந்தது.

கேள்வி மீண்டது 1989இல். ஹெல்சின்கியில் மாரடைப்புற்ற 100 பேரையும் ஏனையோர் 102 பேரையும் ஒப்பிட்ட மட்டிலாவின் குழு, முன்னவர்களின் பல்நலம் மோசமாக இருந்ததைக் காட்டியது. 1993இல் ஹாரல்டு லோ, ஈறுநோயை நீரிழிவின் ஆறாவது சிக்கல் என வகைப்படுத்தினார். ஆனால் இம்முறை ஆய்வுலகம் பொறுமை காத்தது. ஈறுநோய்ச் சிகிச்சை குறைப்பிரசவத்தைத் தடுக்குமா என 800க்கு மேற்பட்ட கருவுற்ற பெண்களிடம் நடந்த சோதனை, தடுக்கவில்லை என்று 2006இல் அறிவித்தது. ஈறுநோய்க்கும் இதயநோய்க்கும் தொடர்புண்டு, காரண உறவு நிறுவப்படவில்லை என்று அமெரிக்க இதயக் கழகம் 2012இல் கூறியது. நீரிழிவில் விடை வேறு: ஈறுநோய்க்குச் சிகிச்சை பெற்றோரின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவான எச்பிஏ1சி ஏறத்தாழ 0.43 புள்ளி குறைவதை 2022இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு காட்டியது.

‘பல் போனால் சொல் போச்சு’ என்பது பழமொழி. இவ்வரலாற்றில் சொல்லே முந்தியது. பல் பின்னர் போயிற்று. வாய் உடலின் பகுதி என்ற ஹன்டரின் உள்ளுணர்வு பிழையன்று. ‘தொடர்பு’ என்று சொல்லவேண்டிய இடத்தில் ‘காரணம்’ என்று சொன்னதே பிழை. அவ்விரு சொற்களுக்கும் இடைப்பட்ட தொலைவைக் கடக்கச் சான்று வேண்டும். அதற்குக் காத்திராத மருத்துவத்தின் விலையை டிரென்டனின் நோயாளிகள் செலுத்தினர்.