லயம்: கண்டிச் சீமையின் பத்தொன்பதாம் நூற்றாண்டு வீடு

தேசாதிபதி எட்வேர்ட் பார்ண்ஸ் கண்டி நகரில் எழுப்பிய மாளிகை பற்றி எழுதியோர் பலர். 1824ஆம் ஆண்டளவில் பேராதனையை அடுத்த கன்னொறுவையில் அவர் தொடக்கிய கோப்பித் தோட்டமும் வரலாற்று நூல்களில் இடம்பெறுகின்றது. அத்தகைய தோட்டங்களில் உழைத்தோரின் வீடோ கட்டடக்கலை பற்றிய பேச்சில் அரிதாகவே இடம்பெறும். நாம் இங்கு அவ்வீட்டையே நோக்குகின்றோம்.

ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த அறைகளின் தொகுதியே லயம். மக்கள் வழக்கில் அறை 'காம்பரா' எனவும், முன்னுள்ள ஒடுங்கிய திண்ணை 'இஸ்தோப்பு' எனவும் வழங்கும். காம்பரா பொதுவாக 10 அடிக்கு 12 அடி. இரட்டை லயத்தில் ஒரு குடும்பத்தின் பின்சுவரே மறுபுறத்துக் குடும்பத்தின் பின்சுவருமாகும். பின்புறம் சாளரம் வைக்க இடமே இல்லை. அடுப்புப் புகை உள்ளேயே சுழலும்.

இவ்வமைப்பின் காரணத்தைக் கோப்பியிலே தேடவேண்டும். கோப்பி பருவப் பயிர். தமிழகத்திலிருந்து மன்னார்க் கரை சேர்ந்து, மாத்தளை வழியே காடு கடந்து நடந்து வந்தோரிற் பெரும்பாலோர் அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். வழியிலே மாண்டோரும் பலர். தோட்டத்துரைக்கு வேண்டியிருந்தது வீடன்று. கூலிப்படையை இரவில் அடைத்து வைக்க ஒரு கொட்டில். 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பியை அழிக்கலாயிற்று. அதற்கு இரண்டாண்டு முன்னரே ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறித்தல் வேண்டும். எனவே பெண்களும் குழந்தைகளுமாகக் குடும்பங்கள் நிலைத்துத் தங்கின. மண்சுவர் கற்சுவராயிற்று, புற்கூரை தகரமாயிற்று. அடிப்படைத் திட்டமோ மாறவில்லை. தங்கிச் செல்வோனுக்கென வகுத்த அறையிலேயே தலைமுறைகள் பிறந்து இறந்தன.

வந்துபோவோன் என்னும் இக்கருத்து சுவர்களோடு நிற்கவில்லை என்பது எமது துணிபு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், மூதாதையர் இந்நாட்டிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. லயத்துக் காம்பராவிற் பிறந்தோருட் பலரிடம் அத்தகைய பத்திரம் ஏது? லயத்தைக் கட்டியோரின் கணக்கையே சட்டமியற்றியோரும் கைக்கொண்டனர். நாடற்றோராய் எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே வந்தது.

கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களில் இன்றும் லயங்கள் உள்ளன. அவற்றை ஒட்டி மக்கள் தாமே இறக்கிய தகரச் சாய்ப்புகளையும், கட்டிய சமையற்கட்டுகளையும், ஓரத்தில் வைத்த மரக்கறிப் பாத்திகளையும் காணலாம். அந்நிலம் பெரும்பாலும் அவர்கள் பெயரில் இல்லை.