மலர் பூத்த துணி

நம் காலனியில் மல்லிகைச் சரம் கிடைப்பது அரிது. கிடைத்த நாளில் நான்கு வீட்டார் அதனை முழம் முழமாகப் பகிர்ந்து சூடிக்கொள்வதைக் காண்கிறோம். ஆயினும், பூப்போட்ட சேலைக்கும் சீட்டித் துணிக்கும் இங்கே பஞ்சமில்லை. கூந்தலில் ஒரு பொழுதில் வாடும் மலர், துணியில் வாடாது நின்ற வரலாற்றை இவ்வாண்டு மலரில் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

17-ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய சரக்குகளுள் பூவோவியத் துணி முக்கியமானது. கடுக்காய்ச் சாறும் எருமைப் பாலும் ஊட்டிய பருத்தித் துணியில் படிகாரக் கரைசலால் மலர்களைத் தீட்டிச் சாயவேரிட்டுக் கொதிக்க வைத்தால், தீட்டிய இடம் மட்டும் சிவப்பேறும். நீலம் வேண்டாத இடங்களை மெழுகால் மூடி, அவுரித் தொட்டியில் அமிழ்த்துவர். நீலத்தின் மேல் மஞ்சள் தீட்டினால் இலை பச்சையாகும். பருத்தியில் இவ்வாறு நிலைத்த நிறம் ஏற்றும் நுட்பம் அந்நாளில் ஐரோப்பியர்க்குக் கைவரவில்லை.

எனினும், பூவின் வடிவம் முழுதும் நம்முடையதன்று. 1643-இல் லண்டனிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனியார், சிவப்புத் தரையைக் குறைத்து, வெண்தரையில் வண்ணக் கிளைகளும் பூக்களும் தீட்டி அனுப்புமாறு எழுதினர். நம் கைவினைஞரும் தாம் காணாத நாட்டின் விருப்பத்திற்கேற்ப வரைந்தனர். வடிவம் கடல் கடந்து வந்தது; நிறமோ நம் மண்ணின் வேரிலிருந்தே வந்தது.

இத்துணி மீது எழுந்த மோகம் அந்நாட்டு நெசவாளரை அச்சுறுத்தியது. 1686-இல் பிரான்சு இதனைத் தடை செய்தது. அத்தடை 1759 வரை நீடித்தது. 1719-இல் லண்டன் நெசவாளர், தம் பிழைப்புக் கெட்டதென வெகுண்டு, தெருவில் சென்ற பெண்களின் சீட்டி உடைகளைக் கிழித்தனர். 1721-இல் இயற்றப்பட்ட சட்டம் அவ்வுடைகளை அணிவதையே குற்றமாக்கியது. ஒரு பூவுக்காக இரண்டு பேரரசுகள் சட்டம் செய்தன என்றால் மிகையாகாது.

சட்டம் தடுத்ததைக் கல்வி எட்டிப் பிடித்தது. 1742-இல் கேர்தூ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், தம் மதத்தைத் தழுவிய சாயத் தொழிலாளரிடம் முறைகளைக் கேட்டறிந்து கடிதமாக எழுதியனுப்பினார். பாதிரியாரின் பெயர் நூல்களில் நிலைத்தது. சொல்லிக்கொடுத்தவர் பெயர் நிலைக்கவில்லை. பின்னர் இயந்திர அச்சு வந்தது. 1868-இல் சாயவேரின் சிவப்புச் சத்து ஜெர்மனியில் செயற்கையாக ஆக்கப்பட்டது; 1897-இல் செயற்கை நீலமும் சந்தைக்கு வந்தது.

செடியின் கதை இனிமை மட்டுமே உடையதன்று என்பதையும் மறத்தலாகாது. அதே அவுரிக்காக வங்காளத்துக் குடியானவர் 1859-இல் கிளர்ந்தெழுந்தனர். 1917-இல் காந்தியடிகள் சம்பாரணுக்குச் சென்றார். உடுத்தியவர்க்கு அழகானது, பயிரிட்டவர்க்குக் கண்ணீரானது.

ஆயினும் கலை அழிந்துவிடவில்லை. தஞ்சை மராட்டிய அரசவை போற்றிய கருப்பூர்க் கலம்காரிக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இவ்விழாவுக்குப் பூப்பாவாடை உடுத்தி வரும் நம் சிறுமியரிடம், அப்பூ முதலில் எக்கரையில், எவ்வேரின் நிறத்தில் பூத்ததென்று சொல்லி வைப்போம். ஊரை விட்டு வந்த நாம் உடன் கொண்டுவரத்தக்கது அதுவன்றோ!