சங்கிலியும் துருவப் பாதையும்

சான் பிரான்சிஸ்கோவுக்கும் பெங்களூருவுக்கும் இடையே உள்ளதாகச் சொல்லப்படும் 13,993 கிலோமீட்டர், எவரும் கோல் பிடித்து அளந்த தொலைவன்று. இரு நகரங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளையும் பூமியின் வடிவத்தையும் கொண்டு கணக்கிட்டுப் பெற்றது. அந்த வடிவத்தைத் துல்லியமாக அறிவதற்கு நடந்த பெருமுயற்சியின் தொடக்கத்தில் பெங்களூருவின் மண்ணும் இடம்பெற்றது என்பதை அதன் வானூர்தி வரலாற்றோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த மறு ஆண்டு, வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி பெங்களூருவுக்கு அருகே சுமார் 7.4 மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளந்தார். அடிக்கோடு என்பது நேரடியாக அளக்கப்படும் முதற்பக்கம். அதன் இரு முனைகளிலிருந்தும் கோணங்களை மட்டும் அளந்து முக்கோணங்களை அடுக்கிக்கொண்டே போனால், நாட்டின் தொலைவுகளையெல்லாம் கணக்கினாலேயே பெறலாம். இதற்குப் பயன்பட்டது 100 அடி எஃகுச் சங்கிலி. இரண்டரை அடிக் கண்ணிகள் 40 கோத்தது. வெயில் ஏறினால் எஃகு நீளும் என்பதால் வெப்பநிலையையும் குறித்துக்கொண்டே, அதை ஏறக்குறைய 390 முறை நீட்டி வைக்க வேண்டியிருந்தது. 1802இல் பரங்கிமலைப் பக்கம் தொடங்கிய முக்கோண வரிசை பெங்களூருவை எட்டியதும், 1804இல் இங்கே மீண்டும் ஓர் அடிக்கோடு அளக்கப்பட்டது. கணக்கில் வந்த நீளத்துக்கும் சங்கிலி காட்டிய நீளத்துக்கும் சில அங்குலங்களே வேறுபாடு. அந்தப் பொறுமைக்கு ஈடு சொல்வது கடினம்.

உருண்டையின் மேல் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வழி, அதன் மையத்தைத் தன் மையமாகக் கொண்ட பெருவட்டத்தின் வில்லாகும். சான் பிரான்சிஸ்கோவும் பெங்களூருவும் தீர்க்கரேகையில் ஏறத்தாழ 160 பாகை விலகி, அதாவது கிட்டத்தட்ட எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால், தட்டையான வரைபடத்தில் பசிபிக் கடலைக் குறுக்கே கடப்பதாகத் தோன்றும் வழி, உண்மையில் ஆர்க்டிக் பகுதிக்கு ஏறி இறங்குகிறது.

நெடுந்தொலைவு வானூர்திக்குப் பெங்களூருவின் உயரம் ஒரு தடை. கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேல் காற்று அடர்த்தி குறைந்திருப்பதால், எரிபொருள் நிறைத்த கனத்த வானூர்தி மேலெழ அதிக ஓட்டம் வேண்டும். 2008 மே மாதம் தேவனஹள்ளியில் திறக்கப்பட்ட விமான நிலையத்தின் ஓடுபாதை 4,000 மீட்டர் நீளமுடையது.

2021 ஜனவரி 9 இரவு சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்ட ஏர் இந்தியாவின் போயிங் 777, விமானி அறையில் பெண்களே இருக்க, கேப்டன் ஸோயா அகர்வால் தலைமையில் வடதுருவ வழியாகப் பறந்து, 11ஆம் தேதி விடியுமுன் பெங்களூருவில் இறங்கியது. பயணம் 17 மணி நேரத்துக்கும் மேல் நீடித்தது. கடிகாரங்களுக்கிடையே பதின்மூன்றரை மணி வேறுபாடு. லாம்டன் சங்கிலியால் அளந்த 7.4 மைல் அத்தகைய வானூர்திக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. அதில் வந்தோருக்கு ஜனவரி 10 தொடங்கியதும் முடிந்ததும் வானத்திலேயே.