நாழிச் சோறு: வைகைக்கரையில் மிகையுணவும் அளவும்

மதுரைக்கு வடமேற்கே, வைகையின் வடகரையில், நெல்வயலும் தென்னந்தோப்பும் வெற்றிலைக் கொடிக்காலுமாகப் பரந்திருக்கும் சோழவந்தான் எந்த ஆற்றால் வளம் பெற்றதோ, அந்த ஆற்றின் பிறப்பைப் புராணம் ஒரு பெருந்தீனிக்காரனின் தாகத்தோடு இணைத்துச் சொல்கிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில், மதுரை மீனாட்சியாகிய தடாதகைப் பிராட்டியாரின் திருமண விருந்தில் மலைபோல் மிஞ்சிய சோற்றைத் தீர்க்கச் சிவபெருமான் குண்டோதரன் என்னும் பூதகணத்தை ஏவுகிறார். அவன் சமைத்ததையும் சமைக்காததையும் உண்டு முடித்த பின்னும் பசி அடங்காமல் கதற, இறைவன் அன்னக்குழியை வரவழைத்து அவன் வயிற்றை நிறைக்கிறார். பின் எழுந்த தாகத்தில் அவன் குளங்களையும் கிணறுகளையும் வற்றக் குடித்துவிட, அவன் பொருட்டே வைகை ஓடி வருகிறது. உண்ண உண்ண நிறைவு வராத ஒரு நிலையைத் தன் ஆற்றின் தோற்றக் கதையிலேயே வைத்திருக்கும் நிலப்பகுதி இது என்பதால், மிகையாக உண்ணுதலிலிருந்து மனிதர் மீண்ட வரலாற்றை இங்கிருந்து தொடங்குவது பொருத்தமாகும்.

இதே நிலையை மணிமேகலைக் காப்பியம் இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. பொதியிலில், பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே கிடைக்கும் நாவற்கனியைக் காலால் சிதைத்து, அதையே உணவாகக் கொண்டிருந்த முனிவரின் சாபத்துக்கு ஆளான காயசண்டிகை என்னும் விஞ்சைப் பெண், யானைத்தீ எனப்படும் அடங்காப் பசியால் பன்னிரண்டு ஆண்டுகள் துன்புறுகிறாள். மதுரையில் ஆபுத்திரன் என்பவனுக்குச் சிந்தாதேவி என்னும் தெய்வம் அளித்த அமுதசுரபி என்னும் வற்றாத உணவுக்கலம் காப்பியத் தலைவி மணிமேகலையின் கைக்கு வந்து, அதிலிருந்து ஒரு பிடிச் சோறு விழுந்த பிறகே அவள் நோய் தணிகிறது. காப்பியத்தை இயற்றிய சாத்தனாரை மரபு மதுரைக் கூலவாணிகன், அதாவது தானிய வணிகர், என்று குறிக்கிறது. தானியத்தை அளந்து விற்றவர் ஒருவர், எந்த அளவாலும் தீராத பசியைப் பாடினார் என்பது நின்று எண்ணத்தக்கது. குண்டோதரனையும் காயசண்டிகையையும் அந்நூல்கள் இழிவுபடுத்தவில்லை. அவர்கள் பசி அவர்களைப் பற்றிக்கொண்ட ஒரு பிணியாகவே பேசப்படுகிறது. ஆனால் இரு கதைகளிலும் தீர்வு வெளியிலிருந்து வரும் அருளாக இருக்கிறதேயொழிய, உண்பவர் தாமே நடக்கக்கூடிய ஒரு வழியாக இல்லை.

வழியைத் தேடியவர்கள் துறவிகள். சோழவந்தானுக்கு மேற்கே விக்கிரமங்கலத்திலும், வைகையின் வடபுறம் மேட்டுப்பட்டிச் சித்தர்மலையிலும் உள்ள குகைகளில் கல்லில் வெட்டப்பட்ட படுக்கைகளும், கிறித்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்த தமிழ் பிராமி எழுத்துகளும் காணப்படுகின்றன. இவற்றை ஆய்வாளர் பெரும்பாலோர் சமணத் துறவியர்க்கு உரியவை என்று கொள்வர். சமண நெறி வகுத்த ஆறு புறத்தவங்களில் முதலாவது உண்ணாநோன்பு. இரண்டாவது அவமோதரியம், அதாவது வயிறு நிறைவதற்கு முன்பே உணவை நிறுத்துதல். ஓர் ஆணின் முழு உணவு முப்பத்திரண்டு கவளம் எனக் கணக்கிட்டு, அதிலிருந்து ஒரு கவளமாவது குறைத்துக்கொள்வதையே சமண நூல்கள் ஒரு தவமாக ஏற்றன. பட்டினியோடு ஒப்பிட்டால் இது எளிய தவம் போலத் தோன்றலாம். உண்மையில் உண்ணாமலே இருப்பதைவிட, உண்டுகொண்டிருக்கும்போது நிறுத்துவதே மிகையுணவுக்கு அடிமைப்பட்டவருக்குக் கடினமானது. திருக்குறளும் மருந்து என்னும் அதிகாரத்தில் பத்துக் குறளுள் ஆறினை உணவின் அளவுக்கும் செரிமானத்துக்கும் ஒதுக்கியிருக்கிறது. எனினும் அளவறிந்து உண்ண வேண்டும் என்பதை அறிந்தும் அவ்வாறு உண்ண இயலாதவர் என்ன செய்வது என்ற கேள்விக்கு, இந்நிலப்பரப்பு அறிந்த நூல்களுள் நடைமுறை விடை தருவது பௌத்த இலக்கியமே.

பாலி மொழியில் உள்ள சம்யுத்த நிகாயத்தில் கோசல நாட்டு மன்னன் பசேனதியைப் பற்றிய சிறு சூத்திரம் ஒன்று உள்ளது. ஒரு துரோணம் அரிசிச் சோற்றை, அதாவது பல நாழி அரிசியில் வடித்த சோற்றை, ஒரே வேளையில் உண்ணும் வழக்கமுடைய அம்மன்னன், உண்ட களைப்பில் மூச்சு வாங்கியபடி புத்தரிடம் வந்து அமர்கிறான். புத்தர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அளவறிந்து உண்பவனுக்கு உடல் துன்பம் குறையும், உண்டது மெல்லச் செரித்து ஆயுளைக் காக்கும் என்னும் கருத்தமைந்த ஒரு பாடலைச் சொல்கிறார். மன்னன் தனக்குப் பின்னால் நின்ற சுதர்சனன் என்னும் இளைஞனை அழைத்து, அப்பாடலைப் பாடம் செய்துகொண்டு தான் உண்ணும் வேளைதோறும் தன் எதிரில் சொல்லுமாறு பணிக்கிறான். அதற்கு நாளொன்றுக்கு நூறு கஹாபணம், அதாவது அக்கால நாணயம் நூறு, ஊதியமாகவும் விதிக்கிறான். படிப்படியாகக் குறைந்து அவன் உணவு ஒரு நாழி அரிசிச் சோற்றில் வந்து நிற்கிறது. மெலிந்த உடலைக் கையால் தடவிக்கொண்டு அவன் நன்றி சொல்வதோடு சூத்திரம் முடிகிறது.

இதில் மூலம் சுருக்கமாக விட்டதை உரைமரபு விரித்துச் சொல்கிறது. அவ்வுரைகளில் பலவற்றைத் தொகுத்த புத்தகோசர், காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததைத் தம் நூலிலேயே குறிப்பிடுவதால், இக்கதை தமிழகத் துறவியரிடையே அறியப்பட்டிருந்தது என்று கொள்ளலாம். உரையின்படி, இளைஞன் பாடலை மன்னன் இலையில் கைவைக்கும்போதே சொல்லக்கூடாது. கடைசிக் கவளத்தை எடுக்கும்போதுதான் சொல்ல வேண்டும். மன்னன் அதைக் கேட்டு அக்கவளத்தைக் கீழே விட்டுவிட வேண்டும். அதன் பிறகு இளைஞன் அந்த ஒரு கவளத்தில் எத்தனை சோற்றுப் பருக்கைகள் இருந்தன என்று எண்ணி, மறுவேளைக்கு உலையில் போடும் அரிசியிலிருந்து அத்தனை அரிசியை எடுத்துவிட வேண்டும். மனிதன் வாயைக் கட்டுவதற்கு மாறாக உலையையே மெல்லச் சிறிதாக்கும் இந்த ஏற்பாட்டில், ஒருநாளும் மன்னன் பசியோடு எழவில்லை. ஒருநாளும் முந்தைய வேளையைவிட ஒரு கைப்பிடிக்கு மேல் இழக்கவும் இல்லை. பின்னர் அவன் மானையும் குதிரையையும் துரத்திப் பிடிக்கும் அளவுக்கு உடல் இலேசானான் என்று உரை கூறுகிறது. பேருடல் கொண்ட ஒருவர் மிகையுணவை விட்டு மெலிந்ததைப் பற்றி உலகில் எஞ்சியுள்ள மிகப் பழைய விவரிப்புகளுள் இது ஒன்று. இதில் அவமானத்துக்கும் தண்டனைக்கும் இடமே இல்லை என்பது இதன் தனிச்சிறப்பு.

அளவு என்பதை மனிதன் தானே ஏற்பதற்கும் பிறர் அவன்மேல் சுமத்துவதற்கும் இடையே உள்ள வேறுபாட்டைத் தமிழகம் பின்னாளில் கொடிய முறையில் அறிந்தது. முதலாம் இராசேந்திரன் காலத்தில் எண்ணாயிரம் என்னும் ஊரில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு, கல்லூரியின் இளநிலை மாணவர் ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு ஆறு நாழி நெல் என்று எழுதி வைத்ததில், அளவு ஓர் உரிமையாக இருந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் அது தண்டனையாயிற்று: நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல், ஏறக்குறைய 450 கிராம், தானியமும் அதற்கு மேல் ஓர் அணாவும் என்ற அளவுக்குக் கூலியைப் பிரித்தானிய இந்திய அரசின் பஞ்சப் பிரதிநிதி ரிச்சர்டு டெம்பிள் குறைத்தார், உழைக்கும் உடலுக்கு அது போதாதென்று மாகாணச் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் வாதாடினார், சில மாதங்களில் கூலி உயர்த்தப்பட்டது. அப்பஞ்சத்தின் தாக்கத்தால் விரைவுபெற்ற பெரியாறு அணைத் திட்டம் 1895இல் நிறைவேறி, மேற்கே ஓடிய நீர் வைகைக்குத் திரும்பியது. சோழவந்தானை அடுத்த பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோக நெல் விளையத் தொடங்கியது. கம்பும் கேழ்வரகும் குதிரைவாலியும் இலையிலிருந்து மெல்ல விலக, ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசி மூன்று வேளைக்கும் வந்தது. 2011 சூன் முதல் அரிசி அட்டைக்கு மாதம் 20 கிலோ வரை அரிசி விலையின்றிக் கிடைத்தது. பஞ்சம் கண்ட சமூகத்தில் நிறைந்த உலை என்பது ஒரு வெற்றி. அதைக் குறைகூறுவதற்கு எவருக்கும் தகுதியில்லை. ஆயினும் சென்னையிலிருந்து வழிநடத்தப்பட்டு 2023இல் வெளிவந்த தேசிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும் 35.1 கோடிப் பேருக்கு வயிற்றுப் பருமனும் உள்ளதாக மதிப்பிட்டது.

பசித்த காலத்துக்கும் மிகையாக உண்ணும் காலத்துக்கும் இடையே உள்ள தொடர்பை மருத்துவம் தற்செயலாகவே கண்டது. 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ், 36 தன்னார்வலர்களை ஆறு மாத அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். பட்டினி முடிந்த பின் அவர்களுள் சிலர் அளவிறந்து உண்டும், வயிறு வலிக்க உண்டும், நிறைவு கொள்ளவில்லை. 1959இல் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் என்னும் மனநல மருத்துவர், பருமன் உள்ளோரில் ஒரு பகுதியினர் இடையிடையே கட்டுப்பாடிழந்து பெருமளவு உண்பதை விவரித்தார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் அதைத் தனி நோயாக ஏற்று, மூன்று மாதங்களுக்கு வாரத்துக்கு ஒருமுறையாவது, பசியில்லாமலும், விரைவாகவும், வெட்கத்தால் தனிமையிலும் உண்டு, பின் தன்னையே வெறுப்பது போன்ற அடையாளங்களை வகுத்தது. விரதத்தைப் பெரிதும் போற்றும் நம் ஊர்களில் சொல்லத் தயங்கும் உண்மையும் இதில் அடங்கியிருக்கிறது: இந்நோய் உள்ளவருக்கு, நாள் முழுதும் உண்ணாமல் கிடப்பது பல வேளைகளில் இரவின் பெருந்தீனிக்கே வழிவகுக்கிறது. நேற்று மிகுதியாக உண்டதற்காக இன்று பட்டினி என்று உடலைத் தண்டிப்பவர், மறுநாளைய மீறலுக்கு அடுப்பு மூட்டிவிடுகிறார்.

இன்று இந்நோய்க்குத் தரப்படும் உளவழிச் சிகிச்சை முதலில் கேட்பது எடைக்குறைப்பை அன்று. வேளை தவறாமல் உண்பதையும், உண்டதை உண்ட உடனே எழுதி வைப்பதையும், எந்த மனநிலையில் கை சட்டிக்குப் போயிற்று என்று குறிப்பதையும், அக்குறிப்பை இன்னொருவரோடு சேர்ந்து படிப்பதையுமே கேட்கிறது. கோசல மன்னனின் ஏற்பாட்டில் எழுத்துக்குப் பதில் எண்ணிய பருக்கை இருந்தது. சிகிச்சையாளருக்குப் பதில் ஊதியம் பெற்ற இளைஞன் இருந்தான். சுதர்சனன் தினமும் எதிரில் நின்றதுதான் அதன் உயிர்நாடி, ஏனெனில் தனிமையில் வளரும் பழக்கம் சாட்சியின் முன்னால் தளர்கிறது. தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், செவிலியரும் தன்னார்வலரும் வீடு தேடி வந்து இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை தருகின்றனர். வைகைக்கரையின் எந்தச் சமையலறையிலும் நுழைய உரிமை பெற்ற அவர்கள், சர்க்கரை அளவைக் கேட்கும்போதே, இரவில் எல்லோரும் உறங்கிய பின் நிறுத்த முடியாமல் உண்கிறீர்களா என்று குரல் தாழ்த்தி, பழிக்காமல் கேட்கவும் பயிற்றுவிக்கப்பட வேண்டும்.